லோன் பவுல்ஸ்: நேராகப் போகாத பந்தும் அதைச் சுற்றிய சொற்களும்

2022 ஓகஸ்டில் பேர்மிங்ஹாமில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் நால்வர் தென்னாபிரிக்காவை 17–10 என்று வென்று லோன் பவுல்ஸ் ஆட்டத்தில் தங்கம் பெற்றார்கள். அந்தச் செய்தி வந்த நாள்களில் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கள் பக்கத்து விளையாட்டு ஆர்வலர்களிடையே இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. பேச்சோடு சேர்ந்து பிழையான விளக்கங்களும் பரவின. மரக்கட்டைகளை வீழ்த்தும் உள்ளரங்கப் பௌலிங்கை வெளியே புல்லில் ஆடுகிறார்கள் என்றார்கள் சிலர். பந்துக்குள் ஒரு பக்கமாக ஈயம் வைக்கப்பட்டிருக்கிறது என்றார்கள் வேறு சிலர். கிரிக்கெட்டின் சுழற்பந்து வீச்சாளரைப் போல ஆட்டக்காரர் விரலால் திருகிவிடுவதால்தான் பந்து வளைகிறது என்பது பலருக்கும் பிடித்துப்போன விளக்கம். மூன்றும் சரியல்ல.

இந்த ஆட்டம் பொதுநலவாயப் போட்டிக்குப் புதியதன்று. 1930 இல் கனடாவின் ஹமில்டனில் முதற்போட்டி நடந்தபோதே அது இடம்பெற்றது. 1966 இல் ஜமேக்காவின் கிங்ஸ்டனில் மட்டும் விடுபட்டது. ஆனாலும் இதை ஆடிப் பழகியவர்கள் எங்கள் பகுதியில் மிக அரிது என்பதால், தொலைக்காட்சி வர்ணனையில் வரும் சொற்கள் காதில் விழுந்தும் மனத்தில் பதியாமல் போகின்றன. சொற்களைப் பட்டியலாக்கி மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். பந்து ஏன் வளைகிறது என்ற ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால், பெரும்பாலான சொற்கள் அதிலிருந்தே விளங்கிவிடும். ஆகவே இக்கட்டுரை அந்தக் கேள்வியை நடுவில் வைத்தே நகர்கிறது.

ஆட்டம் நடக்கும் இடம்

ஆட்டத்தின் நோக்கம் எளிமையானது. சிறிய பந்து ஒன்றை முதலில் உருட்டி நிறுத்திவிட்டு, பெரிய பந்துகளை அதற்கு இயன்றவரை அருகில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்தச் சிறிய பந்தின் பெயர் ஜாக். அது வெள்ளை அல்லது மஞ்சள் நிறமானது. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே சிறியது. பெரிய பந்து ஒவ்வொன்றும் பவுல் எனப்படும்.

ஆட்டம் நடக்கும் சமதளமான புல்தரை முழுவதும் கிறீன். ஆடும் திசையில் அதன் நீளம் 31 முதல் 40 மீற்றர் வரை இருக்கும். பெரும்பாலும் சதுரமாக அமையும் இந்தத் தரைக்கு, முழு அளவுக் காற்பந்து மைதானம் ஒன்றின் கால்வாசி இடம்கூடத் தேவைப்படுவதில்லை. ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடப்பதற்காகக் கிறீனை நீளவாக்கில் பட்டைகளாகப் பிரிப்பார்கள். அப்பட்டை ஒன்றின் பெயர் றிங்க், அகலம் 4.3 முதல் 5.8 மீற்றர் வரை. கிறீனின் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும் ஆழமற்ற கான் டிச் எனவும், அதற்கு அப்பால் தரையைவிட உயர்ந்து நிற்கும் கரை பேங்க் எனவும் அழைக்கப்படும்.

ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைக் காட்டுவது மேட் என்னும் சிறு விரிப்பு: நீளம் 600 மில்லிமீற்றர், அகலம் 360 மில்லிமீற்றர். அதன் முன் விளிம்பு மேட் லைன். தூரங்கள் அங்கிருந்தே அளக்கப்படுகின்றன. பந்தைக் கைவிடும் கணத்தில் ஒரு காலின் முழுப் பாதமோ அதன் ஒரு பகுதியோ மேட்டின் மீது அல்லது அதற்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையேல் அது காற்பிழை.

ஜாக்கை முதலில் உருட்டும்போது அது மேட் லைனிலிருந்து குறைந்தது 23 மீற்றர் தாண்டி நிற்க வேண்டும். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் 20.12 மீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தூரம் எவ்வளவு என்பது தெரியும். நின்ற ஜாக்கை அதே தூரத்தில் பக்கவாட்டாக நகர்த்தி, றிங்கின் நடுக்கோட்டில் வைத்துவிடுவார்கள். பந்துகளின் பயணமெல்லாம் இந்த நடுக்கோட்டை ஒட்டியே பேசப்படுகிறது.

சுருக்கமாகச் சொன்னால், கிறீன் முழுத்தரை, றிங்க் அதில் ஒரு பட்டை, மேட் புறப்படும் இடம், ஜாக் இலக்கு. இலக்கு நிலையாக ஊன்றப்பட்டதன்று. பவுல் பட்டால் அதுவும் நகரும். இந்த ஒரு விடயம் பின்னால் பல விதிகளுக்குக் காரணமாக வருகிறது.

பவுல் ஏன் வளைகிறது

பவுல் பார்வைக்கு உருண்டையாகத் தெரிந்தாலும் முழு உருண்டை அல்ல. அதன் விட்டம் 112 முதல் 134 மில்லிமீற்றர் வரை இருக்கலாம், நிறை 1.59 கிலோகிராமைத் தாண்டக்கூடாது, அதாவது ஏறத்தாழப் பத்துக் கிரிக்கெட் பந்துகளின் நிறை. முற்காலத்தில் கடினமான மரத்தில் கடைந்தார்கள். இன்று செயற்கைப் பிசின் கலவையில் செய்கிறார்கள். கடையும்போது இரண்டு பக்கங்களையும் ஒரே வடிவத்தில் விடுவதில்லை. ஒரு பக்கம் மற்றதிலிருந்து கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவுக்கு வேறுபட்டிருக்கும். அதனால் பந்தின் ஈர்ப்பு மையம் சரியான நடுவில் அமையாமல் ஒரு பக்கமாகச் சற்று ஒதுங்கிவிடுகிறது. பவுலுக்கு இப்படி அமைந்திருக்கும் வளையும் இயல்பின் பெயர்தான் பயஸ். ஒரு காலத்தில் பந்துக்குள் பாரம் செருகி இதை உண்டாக்கியது உண்மை; இப்போது விதிகள் அதை அனுமதிப்பதில்லை. வடிவம் மட்டுமே இந்த வேலையைச் செய்கிறது.

இது எப்படி வளைவாக மாறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஒழுங்கையில் ஓட்டும் பிள்ளையைப் பாருங்கள். வேகமாகத் தட்டிய டயர் நிமிர்ந்தபடி நேராக ஓடுகிறது. தட்டுவதை நிறுத்தினால் வேகம் குறைகிறது. குறையக் குறைய டயர் ஒரு பக்கம் சாய்கிறது. சாய்ந்த பக்கமாகவே வளைகிறது. கடைசியில் சிறிய வட்டமொன்றைச் சுற்றிவிட்டு விழுகிறது. டயர் எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பவுல் எந்தப் பக்கம் சாயும் என்பதோ அதைக் கடைந்த நாளிலேயே முடிவாகிவிட்டது.

இனி உண்மையான பொறிமுறை. ஒரு பவுலை அதன் ஓடும் விளிம்பின் மேல், அதாவது உருளும்போது தரையைத் தொடும் பகுதியின் மேல், நிறுத்தி வைத்துக் கையை எடுத்தால், ஈர்ப்பு மையம் ஒதுங்கியிருக்கும் பக்கமாக அது சாய்ந்துவிடும். உருளும்போதும் அதே இழுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. பக்கவாட்டில் சாய்க்க முயலும் அந்த இழுப்பு, பந்தை உடனே சாய்த்துவிடாமல், அதன் சுழல் அச்சை மெல்ல மெல்லத் திருப்புகிறது. அச்சு திரும்பினால் உருளும் திசையும் திரும்புகிறது. சாய்க்கும் இழுப்பு பயணம் முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவாகவே இருக்க, அதை எதிர்த்து நிற்கும் சுழற்சியோ புல்லின் உராய்வால் கணத்துக்குக் கணம் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே தொடக்கத்தில் மிகச் சிறிதாக இருந்த திருப்பம், பந்து தளரத் தளரப் பெரிதாகிறது.

இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பந்து கைவிட்டுப் புறப்படுவதைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அதன் கடைசி இரண்டு மூன்று மீற்றரைப் பாருங்கள் என்பதுதான். பாதி தூரம் வரை தவறான திசையில் போவதுபோலத் தெரிந்த பந்து, இறுதியில் திரும்பி ஜாக்கை நோக்கி உள்ளே வருவது அங்கேதான் தெரியும். விரலால் திருகிய பந்து இப்படி நடந்துகொள்ளாது. உண்மையில் ஆட்டக்காரர் பந்தைத் தள்ளாட்டம் இன்றி, ஓடும் விளிம்பின் மேல் நிமிர்ந்து உருளும்படி விடவே பாடுபடுகிறார். கை செய்ய வேண்டியது திசையும் வேகமும் கொடுப்பது மட்டுமே.

வளைவைக் கையாளும் சொற்கள்

பந்து வளையும் என்பதால், ஜாக்கை நேராகக் குறிவைத்து எவரும் உருட்டுவதில்லை. நடுக்கோட்டுக்கு வெளியே எந்தத் திசையில் பந்தை அனுப்புகிறோமோ அது லைன். எவ்வளவு விசையோடு அனுப்புகிறோமோ அது வெயிட். பந்தின் நிறையை இச்சொல் குறிப்பதில்லை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஒரு வீச்சு தவறினால் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகவோ இரண்டுமாகவோ இருக்கும். லைன் நடுக்கோட்டுக்கு மிக நெருங்கிவிட்டால் பந்து ஜாக்கின் முன்னாகக் குறுக்கே கடந்து மறுபக்கம் போய்விடும். அதை நெரோ என்பார்கள். மிக அகன்றுவிட்டால் பந்து உள்ளே வந்து சேராமல் வெளியிலேயே நின்றுவிடும், அது வைட். வெயிட் குறைந்து ஜாக்குக்கு முன்னமே நின்ற பந்து ஷோர்ட்.

பயஸ் உள்ள பக்கத்தை அறிய ஒவ்வொரு பவுலின் இருபுறமும் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். சிறிய வட்டம் இருக்கும் பக்கமே பந்து வளையும் பக்கம். வலக்கை ஆட்டக்காரர் சிறிய வட்டம் இடப்புறம் இருக்குமாறு பிடித்து, நடுக்கோட்டுக்கு வலப்புறமாக உருட்டினால் பந்து இடப்புறம் வளைந்து வரும்: இது ஃபோர்ஹாண்ட். வட்டத்தை வலப்புறம் திருப்பி, இடப்புறமாக உருட்டினால் பந்து வலப்புறம் வளையும்: இது பேக்ஹாண்ட். இடக்கையாளருக்கு இவை மாறிவரும். பயஸ் பக்கத்தைக் கவனிக்காமல் மாற்றிப் பிடித்துவிட்டால், பந்து உள்ளே வருவதற்குப் பதிலாக விலகி விலகிப் பக்கத்து றிங்குக்கே போய்விடும். அதன் பெயர் றோங் பயஸ். புதிதாகப் பழகுபவர்களிடம் அடிக்கடி நேர்வது இதுவே.

ஒரே ஜாக்குக்கு இரண்டு பாதைகள் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. முன்னால் நிற்கும் பந்துகள் ஒரு பாதையை அடைத்துவிட்டால், கையை மாற்றாமல், பந்தின் பக்கத்தை மட்டும் மாற்றி மறுபாதையால் போகலாம்.

வேகமான தரையில் ஏன் அதிக வினாடி?

வர்ணனையில் மிகவும் குழப்புவது கிறீனின் வேகத்தைச் சொல்லும் முறை. ‘இது 16 வினாடிக் கிறீன், வேகமானது’ என்று கேட்டதும், வேகமானது என்றால் நேரம் குறைய வேண்டாமா என்று யாருக்கும் தோன்றும். இங்கே அளக்கப்படுவது என்ன என்பதைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். மேட் லைனிலிருந்து 27 மீற்றர் தூரத்தில் சரியாக நிற்கும்படி உருட்டிய பந்து, கைவிட்டதிலிருந்து நிற்கும்வரை எடுக்கும் நேரமே கிறீனின் வேகம் எனப்படுகிறது. இங்கே தூரம் மாறுவதில்லை.

உராய்வு மிகுந்த தரையில் 27 மீற்றரைத் தொட வேண்டுமானால் பந்தைப் பலமாக அனுப்பியாக வேண்டும். அது விரைந்து போய் விரைவாகவே நின்றுவிடுகிறது. உராய்வு குறைந்த தரையில் மெதுவாக விட்டாலே போதும். பந்து தளராமல் நெடுநேரம் உருண்டு அதே இடத்தை அடைகிறது. 12 வினாடிக் கிறீனில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 2.25 மீற்றர், 16 வினாடிக் கிறீனில் ஏறத்தாழ 1.7 மீற்றர். பிரித்தானியாவின் ஈரப்பதமுள்ள புல்தரைகளில் 10 முதல் 12 வினாடி வரை சாதாரணம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 14 ஐத் தாண்டுவது வழக்கம்.

முந்தைய பகுதியில் பார்த்த பொறிமுறை இங்கே மீண்டும் வருகிறது. வேகமான கிறீனில் பந்து மெதுவாகச் சுழல்வதால் பயஸ் கூடுதலாகத் திருப்புகிறது, வளைவு பெரிதாகிறது. ஆகவே ஆட்டக்காரர் நடுக்கோட்டிலிருந்து இன்னும் விலகிய லைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இதைக் கூடுதல் கிறீன் எடுத்தல் என்பார்கள். மாரி மழையில் ஊறிய புல்லும் கச்சான் காற்றில் காய்ந்து இறுகிய புல்லும் பந்தை ஒரேமாதிரி ஓடவிடா என்பது எங்கள் பள்ளிக்கூட மைதானங்களில் ஆடிய எவருக்கும் தெரியும். லோன் பவுல்ஸில் அந்த வேறுபாடு பந்தின் தூரத்தை மட்டுமல்லாமல் அதன் திசையையும் மாற்றிவிடுகிறது.

இதுவரை வந்ததில் மறக்கக்கூடாதவை: பந்து தளரும்போது வளைகிறது, மெதுவாக விட்டால் அதிகம் வளைகிறது, வேகமான கிறீன் என்பது மெதுவாக விடவேண்டிய கிறீன்.

புள்ளி எப்படிக் கணக்கிடப்படுகிறது

ஜாக்கை உருட்டியதிலிருந்து இரு தரப்பும் தம் பந்துகளை எல்லாம் மாறிமாறி உருட்டி முடிக்கும்வரை நடப்பது ஓர் எண்ட். அப்போது ஜாக்கும் அதைச் சூழ்ந்து நிற்கும் பந்துகளும் சேர்ந்த கூட்டம் ஹெட். அடுத்த எண்ட் எதிர்த்திசையில் ஆடப்படும். புள்ளி ஒவ்வொன்றும் ஷொட் எனப்படும்.

கணக்கு இதுதான்: எதிர்த்தரப்பின் மிக நெருங்கிய பந்தைவிட ஜாக்குக்கு அருகில் உங்களுக்கு எத்தனை பந்துகள் உள்ளனவோ அத்தனை ஷொட். ஓர் எண்டில் நீலத்தின் பந்துகள் 18, 30, 45 சென்ரிமீற்றரிலும், சிவப்பின் நெருங்கிய பந்து 41 சென்ரிமீற்றரிலும் நிற்பதாகக் கொள்வோம். நீலத்துக்கு இரண்டு ஷொட். 45 இல் நிற்கும் மூன்றாவது பந்து கணக்கில் சேராது, ஏனெனில் அதற்கும் ஜாக்குக்கும் இடையிலான தூரத்துக்குள் சிவப்பு வந்துவிட்டது. சிவப்புக்கு எதுவும் இல்லை. ஓர் எண்டில் ஒரு தரப்பு மட்டுமே ஷொட் பெறும். அளந்தும் இரண்டும் சமமாக வந்தால் எவருக்கும் இல்லை.

எண்டை வென்றவரே வழக்கமாக அடுத்த எண்டில் ஜாக்கை உருட்டித் தொடங்குகிறார். ஆகவே கடைசிப் பந்து தோற்றவர் கைக்குப் போகிறது. ஒரே பந்தால் ஹெட் முழுவதையும் கலைத்துவிடலாம் என்பதால் அது சிறிய ஆறுதல் அல்ல.

கணக்கில் உள்ள பந்தும் கணக்கிழந்த பந்தும்

றிங்கின் பக்க எல்லையைத் தாண்டி நின்ற பந்தும், மேட் லைனிலிருந்து 14 மீற்றரைக்கூட எட்டாமல் நின்ற பந்தும், ஜாக்கைத் தொடாமலே டிச்சில் விழுந்த பந்தும் டெட் பவுல். அவற்றை அப்புறப்படுத்திவிடுவார்கள்.

இதற்கு விலக்காக இருப்பது டச்சர். உருட்டிய பந்து தன் முதற்பயணத்திலேயே ஜாக்கைத் தொட்டுவிட்டால் அது டச்சர். அதன் மேல் சோக்கால் குறியிடுவார்கள். டச்சர் பின்னர் டிச்சுக்குள் விழுந்தாலும் கணக்கில் இருக்கும். ஜாக்கே தள்ளப்பட்டு றிங்கின் எல்லைக்குள் உள்ள டிச்சில் விழுந்தாலும் ஆட்டம் நிற்பதில்லை. டிச்சில் கிடக்கும் ஜாக்குக்கு எந்தப் பந்து நெருக்கம் என்று பார்ப்பார்கள். புல்லின் விளிம்பில் நிற்கும் பந்துகளும் டிச்சுக்குள் கிடக்கும் டச்சர்களும் அப்போது பெறுமதியாகிவிடும். தொலைக்காட்சியில் யாரோ கானுக்குள் குனிந்து அளப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

வீச்சின் வகைகள்

வகைகள் பல இருந்தாலும் அடித்தளம் ட்றோ: பயஸின் வளைவை முழுமையாகப் பயன்படுத்தி, பந்தை விரும்பிய இடத்தில் நின்றுபோகும்படி உருட்டுவது. இந்த ஆட்டத்தின் திறமை முழுவதும் ட்றோவில்தான் இருக்கிறது என்பேன். மற்றவை அது போதாதபோது வருபவை. பலமாக உருட்டி ஹெட்டைக் கலைப்பது ட்றைவ். விசை மிகுந்திருப்பதால் அது ஏறத்தாழ நேராகவே போகும். எதிரியின் பாதையை மறிக்க வேண்டுமென்றே முன்னால் நிறுத்தும் பந்து கார்ட். ஜாக்கைத் தொட்டு அதையும் கூட்டிக்கொண்டு பின்னால் நகர்வது ட்றெயில்.

அணியில் யார் என்ன செய்கிறார்

ஒற்றையர் ஆட்டத்தில் ஆளுக்கு நான்கு பந்துகள். நால்வர் ஆட்டத்தில் வழக்கமாக ஆளுக்கு இரண்டு. நால்வரில் முதலில் உருட்டுபவர் லீட்: மேட்டை விரித்து, ஜாக்கை உருட்டி, ஹெட்டுக்கு அடித்தளம் இடுவது அவர் வேலை. அடுத்தவர் செகண்ட், மூன்றாமவர் தேர்ட். கடைசியாக உருட்டும் ஸ்கிப்தான் தலைவர். தம் முறை வரும்வரை அவர் ஹெட்டின் அருகே நின்று, எந்தப் பக்கம், எவ்வளவு கிறீன் என்று கையால் காட்டுகிறார். பேர்மிங்ஹாமில் இந்தியாவுக்கு லவ்லி சௌபே லீட்டாகவும், பிங்கி செகண்டாகவும், நயன்மோனி சைக்கியா தேர்டாகவும், ரூபா ராணி திர்கி ஸ்கிப்பாகவும் ஆடினார்கள்.

ஸ்கிப் உருட்டப் போனதும் ஹெட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தேர்டிடம் வருகிறது. மேட்டில் நிற்பவருக்கு 25, 30 மீற்றருக்கு அப்பால் எந்தப் பந்து நெருக்கம் என்பது சரியாகத் தெரியாது; தேர்டின் கண்ணை நம்பித்தான் ஸ்கிப் தம் கடைசிப் பந்தை ட்றோவாக விடுவதா ட்றைவாக விடுவதா என்று முடிவெடுக்கிறார். எண்ட் முடிந்ததும் இரு அணிகளின் தேர்ட்களும் ஹெட்டைப் பார்த்து, தேவையானால் நாடா பிடித்து அளந்து, எத்தனை ஷொட் என்பதில் ஒத்துப்போக வேண்டும். அதற்கு முன் அங்கே நிற்கும் எந்தப் பந்தையும் எவரும் நகர்த்தக்கூடாது.